பன் தீரும் வரை

“சாமி, எங்க பையன்களுக்குப் பரீட்சைப் பயம் பிடிச்சிருக்கு. அதைப் போக்க ஒரு வழி சொல்லுங்க.”

குன்றடிச் சாமி வெண்டைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குடத்தைச் சாய்த்தபடியே கேட்டார்.

“யாருக்குப் பயம்?”

“பிளஸ் டூ பையன்களுக்கு.”

“வேற யாருக்கும் இல்லையா?”

“வேற யாருக்கு சாமி?”

சாமி அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

கேட்டவர் நெல்லைநாயகம். குன்றடியில் இருக்கிற விடுதிப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். இயற்பியல் வாத்தியாராக வந்து, படிப்படியாக மேலே ஏறி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற அதிக காலம் இல்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது.

சாமிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு எங்கிருந்தோ வந்தார். மலையடிவாரத்தில் பாழடைந்து கிடந்த சின்ன மடத்தைக் கூட்டிப் பெருக்கினார். வெண்டையும் கத்தரியும் போட்டார். அங்கேயே தங்கிவிட்டார். யாராக இருந்தாலும், சின்னப் பையனாகவே இருந்தாலும், ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் புதிதாக யாரோ குடிவந்திருக்கிறார்களே, விசாரித்துவிட்டு வரலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனார் நெல்லைநாயகம். விசாரிக்கப் போனவர் விளக்கு வைக்கிற நேரம்வரை உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் போகிறார். மகன் வயசுக்காரரிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஆசிரியர்கள் சிலர் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

இந்தத் தடவை அவருக்கு உண்மையிலேயே வழி தெரியவில்லை.

பொதுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். விடுதியில் ஒரு பையன் காலையில் சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறான். ஒருவன் நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் ரத்தம் கட்டியிருக்கிறது. ஒருவன் தூக்கத்தில் சூத்திரம் சொல்கிறான். சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். மதுரையிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்தார். அந்த மனிதர் எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்து, ‘என்னால் முடியும், என்னால் முடியும்’ என்று தொண்டை கிழியக் கத்த வைத்தார். மறுநாள் இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

எல்லாவற்றுக்கும் மேலே சுடலைமணி.

வகுப்பிலேயே அவன்தான் கெட்டிக்காரன். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வான். போன வாரம் நடந்த திருப்புதல் தேர்வில், விடைத்தாளில் தன் பெயரையும் எண்ணையும் எழுதினான். அதோடு சரி. மூன்று மணி நேரமும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு வரி எழுதவில்லை.

“ஏன்ல எழுதல?” என்று கேட்டதற்கு, “தெரியல சார்” என்றான்.

“நீங்க ஒரு தடவை வந்து பேசணும் சாமி,” என்றார் நெல்லைநாயகம். “நான் பேசிப் பேசி என் வாய்தான் வலிக்கு. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“வாரேன்,” என்றார் சாமி.

*

மறுநாள் மத்தியானச் சிறப்பு வகுப்புக்குச் சாமி வந்தார். நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்காரவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், சுடலைமணிக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டார்.

நெல்லைநாயகம் முன்னுரை சொன்னார். பள்ளியின் வரலாறு, போன வருஷத் தேர்ச்சி விகிதம், அது அதற்கு முந்தின வருஷத்தைவிடக் குறைந்துபோனது, இந்த வருஷம் பள்ளிக்கூடத்தின் மானம் இவர்கள் கையில்தான் இருக்கிறது என்பது, பெற்றோர் படுகிற பாடு, பிறகு மறுபடியும் பள்ளிக்கூடத்தின் மானம். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தார். நீண்டுவிட்டது.

“இப்போது சாமி நமக்கு நாலு வார்த்தை சொல்வார்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாமி டெஸ்கின் மேல் கைகளை மடித்து, அதன்மேல் தலையைச் சாய்த்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை வேறு.

யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டான். வகுப்பே சிரித்தது. நெல்லைநாயகம் கையில் டஸ்டரை வைத்துக்கொண்டு நின்றார். எழுப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சிரிப்பு ஓய்ந்தது. சாமி எழுந்திருக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சுடலைமணி சாமியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் மெதுவாகத் தலையைச் சாய்த்தான். அடுத்து அவனுக்கு முன்னால் இருந்தவன். அப்புறம் ஜன்னலோரம் இரண்டு பேர்.

நெல்லைநாயகம் டஸ்டரால் மேஜையை ஓங்கி அடித்தார்.

“எந்திரிங்கல!”

எல்லோரும் எழுந்தார்கள். சாமியும் எழுந்தார். எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லைநாயகம் மடத்துக்குப் போனபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

“பேசுவீங்கன்னு நினைச்சேன் சாமி.”

“தூக்கம் வந்துட்டு.”

“பையன்க முன்னாடி...”

“ஆமா. அவங்களுக்கும் வந்துச்சு.”

“மத்தியானம் ரெண்டு மணிக்கா சாமி?”

“உங்க விடுதியில விடியக்காலம் நாலு மணிக்கு மணி அடிக்கீங்க. எனக்கும் கேக்கும். நானும் எந்திரிச்சிருவேன்.” சாமி ஒரு வெண்டைக்காயைப் பறித்து, நுனியை ஒடித்துப் பார்த்தார். “அதான்.”

இதில் என்ன உபதேசம் இருக்கிறது என்று நெல்லைநாயகத்துக்குப் புரியவில்லை. நாலு மணிக்கு எழுந்து படிக்காமல் எவன் முதல் மார்க் வாங்கியிருக்கிறான்? சாமிக்குப் பரீட்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டார். அவர் மேலிருந்த மதிப்பு குறையவில்லை. ஆனால் இந்த விஷயத்தை இனிமேல் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இது.

பள்ளிக்கூட வாசலில் வருஷா வருஷம் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். நல்ல மார்க் வாங்கியவர்களின் படங்கள், பெயர்கள், கீழே மதிப்பெண்கள். இந்த வருஷத்து ஃப்ளெக்ஸை நெல்லைநாயகம் தேர்வுக்கு முன்பே அடித்து வாங்கிவந்து கட்டினார். பழைய மாணவர்களின் படங்கள் ஓரங்களில். நடுவில் ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்குள் வெறும் வெள்ளை.

சுடலைமணியைக் கூட்டிவந்து காட்டினார். தோளில் கைபோட்டுச் சொன்னார்:

“பாத்தியால? இது உன் இடம். உனக்காகத்தான் காலியா விட்டிருக்கேன்.”

அவன் பார்த்தான். “சரி சார்” என்றான்.

பையன் முகம் தெளிந்துவிட்டது என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

*

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் சுடலைமணி இல்லை.

விடுதிக் காப்பாளர் முதலில் அறையில் தேடினார். பிறகு நூலகத்தில், குளியலறைகளில், மைதானத்தில். பிறகு தலைமையாசிரியர் வீட்டுக்குப் போன் செய்தார்.

நெல்லைநாயகம் இலையில் உட்கார்ந்தவர் அப்படியே எழுந்தார்.

பள்ளிக்குப் பின்புறம், மடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பழைய கல்குவாரி ஒன்று இருக்கிறது. அடி தெரியாத தண்ணீர். அந்த எண்ணம்தான் அவருக்கு முதலில் வந்தது. வேறு எந்த எண்ணமும் வரவில்லை. ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு போனார். அவசரத்தில் இரண்டு தடவை வண்டி நின்றுபோனது.

மடத்து வாசலில் சாமி நின்றுகொண்டிருந்தார்.

“சாமி, சுடலையைக் காணோம். குவாரிக்கு...”

“ரெண்டு வாத்தியாருங்க அப்பவே குவாரிக்கு ஓடினாங்க. ஊர்க்காரங்களும் கூடப் போயிருக்காங்க. கரையில யாரும் வந்த அடையாளம் இல்லன்னு ஒருத்தர் திரும்பி வந்து சொன்னார்.”

நெல்லைநாயகத்துக்கு மூச்சு வந்தது. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டார்.

“பஸ் ஸ்டாண்டுக்கு யார் போயிருக்காங்க?” என்று கேட்டார் சாமி.

“யாரும் போகல.”

“அப்ப நாம போவோம்.”

சாமி செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வழி முழுக்க நெல்லைநாயகம் பேசிக்கொண்டே போனார். இவ்வளவு செய்தேனே சாமி, என் சொந்தப் பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்ததில்லையே, இவன் அப்பன் லாரி ஓட்டிப் படிக்க வைக்கானே, அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன், போலீசுக்குச் சொல்லணுமா, பள்ளி நிர்வாகச் செயலாளருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவார்.

சாமி பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

“முன்னாடி மாடு நிக்கி.”

*

சுடலைமணி பஸ் ஸ்டாண்டில் இருந்தான்.

அவனுடைய ஊர்ப் பக்கம் போகிற பஸ்கள் நிற்கும் இடத்தில், சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கண் முன்னால் ஒரு பஸ் நின்றது. நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார். பஸ் கிளம்பியது. அவன் அசையவில்லை.

நெல்லைநாயகத்துக்கு முதலில் கண் கலங்கியது. அடுத்த நிமிஷம் கோபம் தலைக்கு ஏறியது. ‘ஏல’ என்று வாயெடுத்தவரின் மணிக்கட்டைச் சாமி பிடித்தார்.

பிடித்த கையோடு அவரைப் பக்கத்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடி ஜாடியிலிருந்து இருக்கிறதிலேயே பெரிய பன்னாகப் பார்த்து ஒன்று வாங்கினார். நெல்லைநாயகத்தின் கையில் வைத்தார்.

“சாப்பிடுங்க.”

“என்ன சாமி இது? இப்பவா?”

“சோத்துலேர்ந்து எந்திரிச்சு வந்திருக்கீங்க. போய் அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “தீர்ற வரைக்கும் பேசாதீங்க.”

“சாமி, அவன்கிட்ட நாலு வார்த்தை...”

“பன் தீரட்டும்.”

நெல்லைநாயகம் போனார். சுடலைமணி அவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். முகம் வெளுத்துவிட்டது. அவர் அவனை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். தானும் உட்கார்ந்தார். பன்னைக் கடித்தார்.

காய்ந்த பன். வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அவன் திட்டுக்காகக் காத்திருந்தான். திட்டு வரவில்லை. தலைமையாசிரியர் மென்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்.

“ஊருக்குப் போலாம்னு வந்தேன் சார்.”

அவர் மென்றார்.

“பஸ் வந்துச்சு. ஏற முடியல. அப்பா ஏன் வந்தன்னு கேப்பாவ. என்ன சொல்ல?”

இன்னொரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் முட்டி மோதி ஏறினார்கள். பஸ் போனது.

“திரும்பி வரவும் முடியல சார்.”

நெல்லைநாயகம் அவசரமாக விழுங்கப் பார்த்தார். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ‘தைரியமா இருல, நாங்க இருக்கோம், நீ படிச்ச படிப்புக்கு’ என்று எல்லாம் வரிசையாகத் தொண்டையில் நின்றது. டீக்கடையைப் பார்த்தார். சாமி அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நெல்லைநாயகத்தின் கையிலிருந்த மிச்சப் பன்னை விரலால் சுட்டிக் காட்டினார்.

அவர் மறுபடியும் கடித்தார்.

“படிச்சதெல்லாம் தெரியும் சார். இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். பரீட்சையில கேள்வித்தாளைத் திருப்புனதும்...”

பையின் வாரைச் சுற்றிச் சுற்றி இறுக்கினான்.

“உங்க முகம் வருது சார்.”

நெல்லைநாயகத்தின் வாய் அசைவது நின்றது.

“திட்டுற முகம் இல்ல சார். நீங்க ஒண்ணும் திட்ட மாட்டீங்க. என்னைப் பாத்துச் சிரிப்பீங்கள்ல, அந்த முகம். அது போயிருமோன்னு இருக்கு.”

பக்கத்தில் யாரோ மூட்டையை இறக்கி வைத்தார்கள். ஒரு குழந்தை ஐஸ் கேட்டு அழுதது. சுடலைமணி குரலை இன்னும் தாழ்த்தினான்.

“அந்த ஃப்ளெக்ஸ் சார். கண்ணை மூடுனா அந்த வெள்ளைதான் தெரியுது. நான் மார்க் எடுக்காட்டி அந்த எடத்துல என்ன சார் போடுவீங்க?”

அவன் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பல நாளாக யோசித்துப் பார்த்தும் விடை கிடைக்காத கணக்கு மாதிரி கேட்டான்.

நெல்லைநாயகம் கையைப் பார்த்தார். பன் தீர்ந்திருந்தது. இனிமேல் பேசலாம்.

தொண்டையில் வரிசையாக நின்ற வார்த்தைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

அவர் கேட்டார்: “பசிக்காலே?”

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிய வேகத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் தெறித்தது.

எழுந்து போய் பன் வாங்கிவந்தார். டீயும் வாங்கிவந்தார். அவன் பன்னை டீயில் முக்கி முக்கித் தின்றான். தீர்ந்ததும் கேட்காமலேயே இன்னொன்று வாங்கிவந்தார். விடுதியில் ஒரு இட்லியைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அவன். இதைப் பார்த்துக்கொண்டே அவர் நின்றார்.

“நீங்க ரெண்டு பேரும் வண்டியில போங்க,” என்றார் சாமி. “நான் டவுன் பஸ்ஸுல வாரேன்.”

திரும்பும் வழியில் நெல்லைநாயகம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் முதுகில் ஏதோ பாரமாகச் சாய்ந்தது. பையன் தூங்கிவிட்டான். அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி, சைக்கிள் போகிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போனார்.

*

சுடலைமணி அன்றைக்குச் சாயங்காலப் படிப்பு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

“எழுப்பட்டுமா சார்?” என்று காப்பாளர் கேட்டார்.

“வேண்டாம்.”

நெல்லைநாயகம் காவலாளியைக் கூப்பிட்டார். ஏணியை எடுத்துவரச் சொன்னார். இரண்டு பேருமாக ஃப்ளெக்ஸை அவிழ்த்து இறக்கினார்கள்.

“வேற புதுசு வருதா சார்?”

“இல்ல.”

“வாசல் வெறிச்சுன்னு இருக்குமே?”

“இருக்கட்டும்.”

நாளையிலிருந்து காலை மணியை ஐந்தரைக்கு அடித்தால் போதும் என்றும் சொன்னார். காவலாளி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அவருக்கும் அதில் சந்தோஷம்தான்.

விஷயம் நிர்வாகச் செயலாளரின் காதுக்குப் போய்ச் சேர நேரமாகவில்லை. மறுநாளே போன் வந்தது. கடைசி நேரத்தில் பையன்களைத் தூங்க விடுகிறீர்களாமே, போன வருஷமே மானம் போயிற்று, இந்த வருஷமும் ரிசல்ட் குறைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

“நான்தான்,” என்றார் நெல்லைநாயகம்.

போனை வைத்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது. எப்போதும் இப்படியொரு போன் வந்தால் அடுத்த நிமிஷமே பிளஸ் டூ வகுப்பில் போய் நிற்பார். கால் தானாகப் புறப்பட்டுவிட்டது. வராந்தா பாதி தூரம் போனவர் நின்றார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கை காயும்வரை அங்கேயே இருந்தார்.

*

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மடத்துக்குப் போனார்.

“சாமி, முதல் நாள் காலையில பையன்களை வரிசையா நிக்க வச்சுப் பேசுறது வழக்கம். இந்தத் தடவை என்ன பேசன்னு தெரியல.”

“பரீட்சை எழுதப் போறது யாரு?”

“அவங்கதான்.”

“அப்ப அவங்க பேசட்டும்.”

முதல் நாள் தமிழ்த் தாள். பையன்கள் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். நெல்லைநாயகம் முன்னால் வந்து நின்றார். அவர்கள் முதுகை நிமிர்த்தினார்கள். பள்ளிக்கூடத்தின் மானம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

“எப்படில இருக்கு?” என்று கேட்டார் அவர்.

“நல்லா இருக்கு சார்” என்று சிலர் முனகினார்கள்.

“உள்ளதைச் சொல்லுங்க.”

அவர் காத்திருந்தார். அவருக்குக் காத்திருந்து பழக்கமில்லை. வாய் துறுதுறுத்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முன்வரிசையில் குட்டையாக நின்ற ஒருவன் சொன்னான்: “வயித்தைக் கலக்குது சார்.”

ஒரு சிரிப்பு.

“எனக்குக் கை வேர்க்குது சார்.”

“செய்யுள் எல்லாம் மறந்த மாதிரி இருக்கு சார்.”

“எனக்குக் காலையிலேர்ந்து கொட்டாவி சார்!”

இப்போது நன்றாகவே சிரித்தார்கள். ஒருவன் சொன்னதும் இன்னொருவன் ‘எனக்கும்ல’ என்றான். வரிசை கலைந்துவிட்டது. காப்பாளர் ஒழுங்குபடுத்தப் போனார். நெல்லைநாயகம் அவரைத் தடுத்தார்.

“எனக்கு நேத்து ராத்திரி தூக்கமே வரலல,” என்றார்.

அவர்கள் அவரைப் பார்த்தார்கள். வாத்தியார் பொய் சொல்கிறாரா என்று முகத்தில் தேடினார்கள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

சுடலைமணி வரிசையின் கடைசியில் நின்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். அவனும் போனான்.

தேர்வு நடக்கும் அறைகளின் பக்கம் அந்தப் பள்ளி ஆசிரியர்கள் யாரும் போகக் கூடாது. வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்தான் உள்ளே இருப்பார்கள். நெல்லைநாயகம் தன் அறையில் உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து தெரிவது ஒரு சுவரும் வேப்பமரமும்தான்.

கொஞ்ச நேரத்தில் சாமி வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சாமி, அவன் எழுதுறானான்னு தெரியலையே.”

“ஆமா. தெரியல.”

“போன தடவை மாதிரி பேனாவைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்துட்டான்னா?”

“உக்காரலாம்.”

“நான் இப்ப என்ன செய்ய சாமி?”

“உக்காருங்க.”

நெல்லைநாயகம் உட்கார்ந்தார்.

கடிகாரம் இருந்தது. அதைப் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதுமாக நேரம் போனது. ஒரு தடவை எழுந்து கதவுவரை போனார். தானே திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. வேப்பமரத்தில் ஒரு அணில் ஏறி இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி மணி அடித்தது.

பையன்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். சத்தமும் சண்டையுமாக ஒரு மதிப்பெண் கேள்விகளின் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டு போனார்கள். சுடலைமணி வரவில்லை. கூட்டம் குறைந்தது. அறைகள் காலியாகிக்கொண்டிருந்தன. நெல்லைநாயகம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் அவன் வந்தான். பேனாவைச் சட்டைப் பையில் செருகியபடி, வலது கையை உதறிக்கொண்டு வந்தான். நடு விரலில் மை. அவரைப் பார்த்ததும் நின்றான்.

‘எப்படில எழுதின?’ என்ற கேள்வி அவர் நாக்கு நுனியில் இருந்தது. வருஷக்கணக்காக, வாசலில் நின்று, ஒவ்வொரு பையனிடமும் கேட்ட கேள்வி.

“கை வலிக்கா?” என்று கேட்டார்.

அவன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

“வலிக்கி சார்.”

பிறகு கொஞ்சம் தயங்கி, “எப்படி எழுதினேன்னு கேக்கலையே சார்?” என்றான்.

“சொல்லணும்னா சொல்லு.”

சுடலைமணி யோசித்தான். அதற்குள் மைதானத்தின் அந்தப் பக்கமிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தோளில் துண்டோடு நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அப்புறம் சொல்லுதேன் சார். பம்ப் செட்டுல குளிக்கப் போறோம். தண்ணியை நிறுத்திருவாங்க.”

அவர் பதிலுக்குக்கூடக் காத்திராமல் ஓடினான்.

நெல்லைநாயகம் அவனைக் கூப்பிடவில்லை.